கை நனைக்கும் வரை: ‘ராமென் தே’ திரைப்படமும் உறவு மீட்சியின் மொழியும்

முன்னுரை

உறவு முறிந்தது என்பதைத் தமிழர் நேரடியாகச் சொல்வது அரிது. “அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை” என்பர்; “அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை” என்பர்; “அங்கே கை நனைப்பதில்லை” என்பர். இம்மூன்று தொடர்களிலும் உறவு என்ற சொல் வரவில்லை. முறிவு என்ற சொல்லும் வரவில்லை. ஆயினும் கேட்பவர் அனைவரும் பொருளை உணர்ந்துகொள்வர். வாய், கால், கை என்னும் மூன்று உறுப்புகளின் செயல் நின்றுபோனதைக் கூறுவதன் வாயிலாகவே ஒரு குடும்பத்தின் பிளவு முழுவதும் கூறப்பட்டுவிடுகிறது.

இவ்வாறு நின்றுபோன மூன்று செயல்களும் மீண்டும் எந்த வரிசையில் தொடங்குகின்றன? முதலில் திரும்ப வருவது பேச்சா, நடையா, உணவா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராமென் தே’ என்னும் திரைப்படத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அது தமிழ்ப் படமன்று. ஜப்பானியம், மாண்டரின், ஆங்கிலம் எனப் பல மொழிகள் அதில் ஒலிக்கின்றன. ஆயினும் நம் தீவில் நிகழும் கதை. மூன்று தலைமுறைகளுக்கிடையே அறுந்த தொடர்பு எவ்வாறு மீள்கிறது என்பதைக் காட்டும் கதை. மொழி ஆசிரியர்களும் மொழி மாணவர்களும் அதிலிருந்து அறிய வேண்டியவை பல உள்ளன.

1. உறவறுத்தலின் சொற்கள்

மேற்கூறிய மூன்று தொடர்களையும் சற்று விரிவாக நோக்குவோம். ‘பேச்சுவார்த்தை இல்லை’ என்பது ஒலித் தொடர்பு நின்றமையைச் சுட்டுகிறது. ‘வாசற்படி மிதிப்பதில்லை’ என்பது இடத்தொடர்பு நின்றமையைச் சுட்டுகிறது. ‘கை நனைப்பதில்லை’ என்பதோ உணவுத் தொடர்பு நின்றமையைக் கூறுகிறது. ஒருவர் வீட்டில் கை நனைத்தல் என்றால் அங்கு உண்டு கை கழுவுதல் என்று பொருள். இம்மூன்றினும் கடுமையான தொடர் ஒன்றும் உண்டு. “அவளைத் தலைமுழுகிவிட்டேன்” என்று ஒரு தாய் கூறினால், இறந்தவர்க்குச் செய்யும் சடங்கை உயிரோடிருக்கும் மகளுக்குச் செய்துவிட்டதாகவே பொருள். இழவு வீட்டிலிருந்து பெயர்ந்து வந்த சொல்லாட்சி அது.

இத்தொடர்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. நிகழாமையை மட்டுமே அவை கூறுகின்றன, காரணத்தைக் கூறுவதில்லை. பேசுவதில்லை என்று மட்டும் தெரிகிறது. ஏன் பேசுவதில்லை என்பது தெரிவதில்லை. சண்டையிட்ட தலைமுறைக்குக் காரணம் தெரியும். அடுத்த தலைமுறைக்கு அரைகுறையாகத் தெரியும். மூன்றாம் தலைமுறைக்கோ மௌனம் மட்டுமே மரபுச் சொத்தாக வந்து சேர்கிறது. காரணம் மறைந்த பின்னும் விலக்கு நீடிக்கும் இந்நிலையே ‘ராமென் தே’ படத்தின் தொடக்கப் புள்ளி.

2. படத்தின் கதை

ஜப்பானின் குன்மா மாநிலத்தைச் சேர்ந்த தக்கசாக்கி நகரில் ராமென் உணவகம் ஒன்று நடைபெறுகிறது. அதில் தந்தை கசுவோ, தந்தையின் உடன்பிறந்த அக்கியோ ஆகியோருடன் மசாத்தோ என்னும் இளைஞன் பணிபுரிகிறான். தந்தையும் மகனும் ஒரே அடுப்படியில் நின்றாலும் அவர்களிடையே பேச்சு மிகக் குறைவு. தந்தை திடீரென்று இறந்துபோகிறார். அவருடைய உடைமைகளிடையே, பல்லாண்டுகளுக்கு முன் மறைந்த தாய் மெய் லியன் எழுதி வைத்த சிவப்புக் குறிப்பேடும் பழைய நிழற்படங்களும் மசாத்தோவுக்குக் கிடைக்கின்றன. தாய் சிங்கப்பூரைச் சேர்ந்த சீனப் பெண். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவன் சிங்கப்பூருக்கு வருகிறான்.

இங்கு வாழும் மிக்கி என்னும் ஜப்பானியப் பெண் அவனுக்கு உதவுகிறார். அவர் உணவைப் பற்றி எழுதுபவர். அவர் துணையோடு, தாயின் உடன்பிறந்தவரான வீ என்பவரை மசாத்தோ கண்டுபிடிக்கிறான். அவர் பாக் குட் தே விற்கும் கடை நடத்துபவர். தன் பாட்டி இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதும் அதன் பின்னரே அவனுக்குத் தெரியவருகிறது. ஜப்பானியர் ஒருவரை மணந்ததற்காக மகளை ஒதுக்கியவர் அவர். மகள் இறக்கும்வரை அவ்வுறவு சீர்ப்படவில்லை. இப்போது பேரன் வந்து நிற்கிறான். பாட்டி அவனை ஏற்க மறுக்கிறார்.

தக்குமி சைத்தோ மசாத்தோவாகவும், செய்க்கோ மட்சுடா மிக்கியாகவும், மார்க் லீ தாய்மாமனாகவும், ஜீனெட் ஆவ் தாயாகவும், பியட்ரிஸ் சியன் பாட்டியாகவும் நடித்துள்ளனர். சிங்கப்பூர், ஜப்பான், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாக உருவான இப்படம், 2018ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவின் சமையற்கலைப் பிரிவில் திரையிடப்பட்டது. சிங்கப்பூரும் ஜப்பானும் அரசதந்திர உறவு கொண்டு 50 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி இப்படத்திற்கான எண்ணம் தோன்றியது. எனவே நாடுகளின் நட்பைக் கொண்டாட எழுந்த ஒரு படம், நட்பை ஏற்க இயலாத ஒரு மூதாட்டியைத் தன் நடுவில் நிறுத்துகிறது. படத்தின் நேர்மை இத்தெரிவில் இருக்கிறது.

3. மௌனத்தின் பின்னுள்ள வரலாறு

பாட்டியின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று கருதுவோர், அவர் வாழ்ந்த காலத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. தீவின் பெயரே ‘சியோனான்’ என மாற்றப்பட்டது. அடுத்த சில வாரங்களில் சீன ஆடவர் பல இடங்களில் ஒன்றுதிரட்டப்பட்டு விசாரிக்கப்பட்டனர்; ஐயத்திற்குரியவர் எனக் கருதப்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ‘சூக் சிங்’ எனப்படும் அக்கொடுமையில் மாண்டோரின் எண்ணிக்கை இன்றும் விவாதத்திற்குரியது. ஜப்பானியத் தரப்பு சுமார் 5,000 என்றது. சீனச் சமூகத்தார் அதனினும் பன்மடங்கு என்றனர். 1945 செப்டம்பரில் ஆட்சி முடிந்தது. இழந்தவர் வீடுகளில் அது முடியவில்லை.

1962இல் சிக்லாப் பகுதியில் மனித எலும்புகள் கண்டெடுக்கப்பட்டபோது பழைய துயரம் மீண்டும் எழுந்தது. மறு ஆண்டு நகர மண்டபத்தின் முன் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் கூடி இழப்பீடு கோரினர். 1966இல் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளி வழங்க ஒப்புக்கொண்டது. அதில் பாதி நன்கொடை, பாதி கடன். 1967 பிப்ரவரி 15இல் பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிற இனத்தார் என நான்கு இன மக்களையும் குறிக்கின்றன.

அந்த மூன்றாம் தூணின் பின்னே நம் முன்னோர் நிற்கின்றனர். சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கும் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். அதே காலத்தில், 1943இல், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்தியத் தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் பெருமிதத்தோடு அதில் சேர்ந்தனர். ஆகவே, ஜப்பானியர் காலம் என்ற ஒரே தொடர் ஒரு தமிழ் வீட்டில் இழப்பாகவும் அடுத்த வீட்டில் விடுதலைக் கனவாகவும் நினைவுகூரப்படுவதுண்டு. ஒரு சமூகத்திற்குள்ளேயே நினைவு இவ்வாறு பிரிந்து கிடக்கும்போது, ஜப்பானில் வளர்ந்த பேரனுக்குச் சிங்கப்பூர்ப் பாட்டியின் நினைவு தானாகப் புலப்படும் என எதிர்பார்க்க இயலாது.

படத்தின் மசாத்தோ இதை உணர்கிறான். பாட்டி தன்னை ஏன் வெறுக்கிறார் என்பதை அறிய, ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய காட்சியகத்திற்குச் செல்கிறான். இக்காட்சி சற்று வெளிப்படையான பாடம் போல் அமைந்துவிட்டது எனக் குறை கூறலாம். ஆயினும் கதைப்போக்கில் அதன் இடம் கருதத்தக்கது. மன்னிப்புக் கேட்பதற்கு முன், எதற்கு மன்னிப்பு என்பதை அவன் கற்கிறான். தாங்காத துயரம் எது என்பதை அறியாமல் சொல்லப்படும் ‘மன்னியுங்கள்’ என்னும் சொல், கேட்பவருக்கு இரண்டாவது காயமாகவே அமையும்.

மொழிமெய்யியலார் ஆஸ்டின் 1962இல் வெளியான தம் நூலில், சில கூற்றுகள் செய்தி கூறுவன அல்ல, செயல் ஆற்றுவன என விளக்கினார். வாக்களித்தல், வாழ்த்துதல், மன்னிப்புக் கேட்டல் ஆகியன அத்தகையன. இவை நிறைவேறச் சூழல் பொருந்த வேண்டும். கூறுபவர் அதற்கு உரியவராக இருக்க வேண்டும். உள்ளமும் உடன்பட வேண்டும். இவ்வளவுகோலால் நோக்கின், மசாத்தோவின் நிலை சிக்கலானது. படையெடுத்தவன் அவன் அல்லன். தாயைத் தடுத்தவனும் அவன் அல்லன். எந்தத் தவற்றுக்கும் உரியவனல்லாத ஒருவன் எவ்வாறு மன்னிப்புக் கேட்பான்? சொல்லின் வழி அடைபட்டுவிட்டமையால், கதை வேறு வழியைத் தேடுகிறது.

4. வாசல்: இடைநிற்போர்

ஊடலைத் தணிக்க இடைநிற்போரைப் பழந்தமிழ் இலக்கணம் ‘வாயில்கள்’ என வழங்கிற்று. தொல்காப்பியக் கற்பியல் அத்தகைய வாயில்கள் பன்னிருவரைக் குறிப்பிடுகிறது. தோழி, பாணன் முதலியோருடன் விருந்தினரும் அவருள் அடங்குவர். வாயில் என்ற சொல்லின் தெரிவே சிந்திக்கத்தக்கது. உள்ளிருப்பவர்க்கும் வெளியிலிருப்பவர்க்கும் இடையே திறக்கக்கூடியது வாயில். இடைநிற்பவர் வழக்கைத் தீர்ப்பவர் அல்லர், வழியைத் திறப்பவர்.

அது தலைவன் தலைவியர்க்குரிய இலக்கணம்; இது பாட்டிக்கும் பேரனுக்கும் இடைப்பட்ட கதை. ஆயினும் வாயில் என்னும் கருத்து இப்படத்தைப் புரிந்துகொள்ளத் துணைபுரிகிறது. மிக்கி இரு நாடுகளையும் அறிந்தவர். இரண்டு குடும்பங்களுக்கும் உறவல்லாதவர். எனவே இருதரப்பும் அவரை ஐயுறக் காரணமில்லை. தாய்மாமன் வீயோ தாய்க்கு மகன், தமக்கை வழியில் மசாத்தோவுக்கு மாமன். இரண்டு பக்கமும் உரிமையுடையவர். வெளியாள் ஒருவர் வழிகாட்டுகிறார். உரிமையாள் ஒருவர் கதவைத் தட்டுகிறார். இவ்விருவர் இன்றி மசாத்தோவின் கால் பாட்டியின் வாசலை அடைந்திராது. நின்றுபோன மூன்று செயல்களுள் முதலில் மீள்வது நடையே.

5. மாமன் என்னும் முறைப்பெயர்

முறைப்பெயர்கள் குறித்த மொழியியல் செய்தி ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். மசாத்தோவுக்குப் படத்தில் இரு பெரியவர்கள் உள்ளனர். ஒருவர் தந்தையின் உடன்பிறந்தவர். மற்றவர் தாயின் உடன்பிறந்தவர். ஜப்பானியப் பேச்சில் இருவரையும் ‘ஒஜிசான்’ என்றே அழைக்கலாம். ஆங்கிலத்திலும் இருவரும் ‘அங்கிள்’ தாம். மாண்டரினில் தாயின் உடன்பிறந்தவர்க்குத் தனிப்பெயர் உண்டு. தமிழிலும் அவ்வாறே: தந்தை வழியில் பெரியப்பா, சிற்றப்பா, தாய் வழியில் மாமன்.

எனவே, தக்கசாக்கியிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் மசாத்தோ, முறைப்பெயர்களின் வேறொரு வலைக்குள்ளும் நுழைகிறான். அவ்வலையில் தாய்வழி உறவுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் தாய்மாமன் சீர் செய்பவர், முன்னின்று நடத்துபவர், பூசல் வந்தால் பேசித் தீர்க்க அழைக்கப்படுபவர். படத்தில் வீ அவர்களின் கடைக்குள் மசாத்தோ நுழையும் காட்சியைத் தமிழ்ப் பார்வையாளர் வேறு விளக்கமின்றிப் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணம் எனலாம். தாயின் உறவுகள் அறுந்த வீட்டில் முதலில் திறக்கும் கதவு மாமன் வீட்டுக் கதவு என்பது நமக்குப் பழகிய ஒன்று.

முறைப்பெயர் என்பது வெறும் பெயரன்று. அது ஓர் ஏற்பு. ‘பேரன்’ என்று ஒருவனைப் பாட்டி குறிப்பிட்டாலே அவர் அவனை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது பொருள். ‘அந்தப் பையன்’ என்று கூறும்வரை அவன் அயலானே. குடும்பப் பூசல்களில் முறைப்பெயர் மறைந்து சுட்டுப்பெயர் வந்துவிடுவதை மாணவர் தம் சுற்றத்திலேயே கவனிக்கலாம். ‘மாமா’ என்பது ‘அந்த ஆள்’ என மாறும்; சமரசம் ஏற்படும்போது மீண்டும் ‘மாமா’ என்றாகும்.

6. கை: ஒரு கிண்ணத்தில் இரு சொற்கள்

படத்தின் தலைப்பே ஒரு திருமணம். ‘ராமென்’ என்பது ஜப்பானியர் வழங்கும் கோதுமை நூடல்ஸ் சூப்பின் பெயர். சீனாவிலிருந்து சென்று ஜப்பானில் வேரூன்றிய உணவு அது. ‘தே’ என்பது ‘பாக் குட் தே’ என்னும் தொடரின் இறுதிச் சொல். ஹாக்கியன் மொழியில் அத்தொடருக்கு ‘இறைச்சி எலும்புத் தேநீர்’ என்று பொருள். பன்றி விலா எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்துச் செய்யும் சூப் அது. சிங்கப்பூரில் வெண்மிளகும் பூண்டும் மேலோங்கிய தியோச்சியூ வகை பரவலாக உள்ளது. மலேசியாவின் கிள்ளானில் மூலிகை சேர்ந்த கரிய வகை புகழ் பெற்றது. பெயரில் தேநீர் இருப்பினும் சூப்பில் தேயிலை இல்லை; உணவோடு தேநீர் அருந்துவது வழக்கம்.

அந்தத் ‘தே’ நமக்கும் அயலானதன்று. உலக மொழிகளில் இப்பானத்தின் பெயர்கள் பெரும்பாலும் இரு கிளைகளாகப் பிரிகின்றன. ‘சா’ என்னும் வடிவிலிருந்து ‘சாய்’, ‘சாயா’ முதலியன தோன்றின. ஹாக்கியன் உள்ளிட்ட மின் மொழிகளின் ‘தே’ என்னும் வடிவம் கடல்வழி வணிகத்தால் பரவி, மலாயில் ‘தே’ என்றும், ஆங்கிலத்தில் ‘டீ’ என்றும் நிலைபெற்றது. தமிழின் தேயிலை, தேநீர் ஆகிய சொற்களின் முதலசையும் அக்கிளையைச் சார்ந்ததே. ஆகவே ‘ராமென் தே’ என்னும் தலைப்பைப் படிக்கும் தமிழ் மாணவர், அதன் பிற்பாதியில் தாம் அன்றாடம் வழங்கும் சொல்லின் மூதாதையைக் காண்கிறார். சொற்கள் எல்லை கடந்து புதுக் குடும்பங்களில் கலந்து வாழ்கின்றன. மனிதர்க்குத்தான் அது கடினமாக இருக்கிறது.

மசாத்தோவின் பெற்றோர் காதலில் உணவுக்கு நீங்காத இடம் உண்டு. மாமனிடம் பாக் குட் தே செய்யக் கற்கும் மகன், தந்தையின் ராமெனையும் தாய்வீட்டுச் சூப்பையும் ஒரே கிண்ணத்தில் இணைக்கிறான். அதைப் பாட்டி உண்கிறார். பாட்டியும் பேரனும் பின்னர் அடுப்படியில் சேர்ந்து நிற்கின்றனர். தமிழ் வழக்கில் கூறுவதாயின், கை நனைந்துவிட்டது.

உணவு ஏன் சொல்லினும் முந்துகிறது? சொல் மறுமொழியை வேண்டி நிற்கும். ‘என்னை மன்னியுங்கள்’ என்று ஒருவர் கூறினால் ‘மன்னித்தேன்’ அல்லது ‘மன்னிக்க மாட்டேன்’ என்று மற்றவர் விடையளித்தாக வேண்டும். கிண்ணத்தில் வைத்த உணவு அத்தகைய நெருக்கடியைத் தருவதில்லை. உண்ணலாம்; சிறிது உண்டு நிறுத்தலாம்; ஆறட்டும் என்று வைத்திருக்கலாம். மனம் மாறுவதற்குரிய கால இடைவெளியை உணவு அளிக்கிறது. நம் வீடுகளிலும் கணவன் மனைவியரோ தாய் மகளோ பேசாதிருக்கும் நாளில், சமாதானத்தின் முதற்குரல் ‘சாப்பிட்டாயா?’ என்பதாகவே இருக்கும். ஹாக்கியன் பேசுவோரும் ‘சாப்பிட்டாகிவிட்டதா?’ என்று கேட்டே நலம் விசாரிப்பர். இவ்வினா செய்தி அறிவதற்காக எழுப்பப்படுவதன்று. தொடர்பைத் திறப்பதற்காக எழுப்பப்படுவது.

7. பொறுத்தல் என்னும் வினை

தமிழில் ‘பொறு’ என்னும் வினைக்கு மூன்று பொருள்கள் ஒருங்கே உண்டு. சுமையைத் தாங்குதல், காத்திருத்தல், பிழையை மன்னித்தல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். பொறுத்தல் அறத்திற்குத் திருக்குறள் ‘பொறையுடைமை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. துன்பத்தைத் தாங்குவதும் பிழையை மன்னிப்பதும் ஒரே வினையில் அடங்குவது, அவ்விரண்டையும் ஒரே உடல் உழைப்பாக நம் மொழி கண்டதைக் காட்டுகிறது.

படத்தின் பாட்டி முதற்பொருளில் வாழ்நாள் முழுதும் பொறுத்தவர். போரின் இழப்பைத் தாங்கினார். மூன்றாம் பொருளில் பொறுக்க அவரால் இயலவில்லை. அவருடைய நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. படையெடுப்பினால் அவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டது. அத்தீங்கின் பெயரால் அவர் தம் மகளுக்குத் தீங்கு இழைத்தார். மகள் மறைந்துவிட்டமையால் அவளிடம் மன்னிப்புப் பெறும் வாய்ப்பும் மறைந்துவிட்டது. எனவே பேரனை ஏற்பதென்பது, மன்னிப்பு வழங்குவதோடு நில்லாமல் தம் பிழையை ஒப்புக்கொள்வதாகவும் ஆகிறது. பேரனைப் பார்த்தாலே மகளின் இறப்பு கண்முன் வரும். பாட்டி கதவைச் சாத்தியதற்கு வெறுப்பு ஒரு காரணமாயின், இந்த அச்சம் மற்றொரு காரணம்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பாட்டி பேரனை ஏற்றதால் ஆக்கிரமிப்பாளர் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. வரலாற்றுக் குற்றத்திற்கான தீர்ப்பு வேறு. குடும்பத்திற்குள் நேர்ந்த தவற்றுக்கான தீர்வு வேறு. முன்னதை மறக்காமலே பின்னதைச் சரிசெய்யலாம். மறதியின் பேரில் எழுப்பப்படும் சமரசம் நிலைப்பதில்லை. மசாத்தோ காட்சியகத்திற்குச் சென்ற பின்னரே கிண்ணத்தை ஏந்துகிறான், அவ்வரிசை பொருளுடையது.

8. பூசலின்றி நிகழும் பிரிவு

எரிக் கூ இக்கருவைக் கையாண்டது இதுவே முதல் முறை அன்று. 2008ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற அவருடைய ‘மை மேஜிக்’ தமிழ் மொழிப் படம். அப்பிரிவிற்குத் தெரிவான முதற்சிங்கப்பூர்ப் படமும் அதுவே. மனைவி பிரிந்துசென்ற பின் குடிக்கு அடிமையான முன்னாள் மாயவித்தைக்காரர் ஒருவர், இரவு விடுதியில் துப்புரவுப் பணி செய்துகொண்டு, தம் பத்து வயது மகனின் அன்பை மீண்டும் பெற முயல்வதே கதை. உண்மையிலேயே மாயவித்தைக் கலைஞரான போஸ்கோ பிரான்சிஸ் அதில் தந்தையாக நடித்தார். அங்கும் தந்தையின் அன்பு சொல்லில் வெளிப்படுவதில்லை. தீயையும் கண்ணாடியையும் விழுங்கும் உடலின் வித்தையில் வெளிப்படுகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் விலகியிருப்போர் கதை அது.

இக்கதைகளில் விலகலுக்கு ஒரு காரணம் இருக்கிறது: போர், குடி, இழப்பு. ஆனால் எவ்விதப் பூசலும் இன்றியே தலைமுறைகள் பிரிவதும் உண்டு. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம், சீனர்களிடையே பொதுமொழி ஒன்றை வளர்த்தது. அதே வேளையில் ஹாக்கியன், தியோச்சியூ, கண்டனீஸ் முதலியவற்றை மட்டுமே சரளமாகப் பேசிய மூத்தோர் பலர், தம் பேரப்பிள்ளைகளோடு உரையாடும் வழி குறுகியதை உணர்ந்தனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகச் சீன வட்டார மொழிகளைப் பேசுவோர் 2010இல் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. தமிழ் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வெண்களை நாம் வழக்கமாக மொழிப்பற்றின் அளவுகோலாகக் கொண்டு வருந்துகிறோம். அவற்றை உறவின் அளவுகோலாகவும் நோக்க வேண்டும். தமிழ் மட்டும் சரளமாக வரும் பாட்டிக்கும் ஆங்கிலம் மட்டும் சரளமாக வரும் பேரனுக்கும் இடையே எந்தச் சண்டையும் இல்லை. வாசல் திறந்திருக்கிறது, கையும் நனைகிறது. பேச்சு மட்டும் ‘சாப்பிட்டாயா’, ‘சாப்பிட்டேன்’ என்ற இரு சொற்களோடு முடிந்துவிடுகிறது. மசாத்தோவின் குடும்பத்தில் இறுதியில் மீண்டு வருவது பேச்சு; இங்கோ முதலில் மறைவது பேச்சு. உணவு கதவைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் 1942இல் என்ன நடந்தது, பாட்டனார் ஏன் தோட்டத்தை விட்டு வந்தார், அத்தை ஏன் அவ்வீட்டில் கை நனைப்பதில்லை என்பனவற்றை உணவு சொல்லாது. அவற்றைச் சொல்ல மொழி வேண்டும். தாய் எழுதிய குறிப்பேட்டைத் திறப்பதற்கும் மொழி வேண்டும்.

9. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

உயர்நிலை, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இப்படத்தின் பகுதிகளைக் காட்டிப் பாடம் நடத்த விழையும் ஆசிரியர்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, முறைப்பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு மாணவரும் தம் தாய்வழி, தந்தைவழி உறவினரை அழைக்கும் பெயர்களைத் தொகுக்கலாம். அம்மாச்சி, அப்பாயி, ஆயா, பாட்டி எனப் பெயர்கள் வேறுபடுவதையும், ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்பன எந்தெந்தப் பெயர்களின் இடத்தைப் பிடித்துள்ளன என்பதையும் அவர்களே கண்டறிவர். இரண்டாவது, உறவும் பகையும் குறித்த மரபுத்தொடர்களின் தொகுப்பு. ‘தலைமுழுகுதல்’ போன்றவை எச்சூழலிலிருந்து பெயர்ந்தன என்று ஆராய்வது, மரபுத்தொடரை மனப்பாடம் செய்வதினும் பயன் தரும். மூன்றாவது, மூத்தோர் நேர்காணல். பத்து வினாக்களை ஆயத்தம் செய்து, விடைகளை மூத்தோரின் சொற்களிலேயே எழுதி வருதல் நன்று. வட்டார வழக்கைத் திருத்தி எழுதுதல் கூடாது.

மூன்றாம் பணியில் எச்சரிக்கை ஒன்று தேவை. சில மௌனங்களுக்குத் தக்க காரணம் இருக்கும். ‘அதைப் பற்றிக் கேட்காதே’ என்று மூத்தவர் கூறினால் அத்துடன் நிறுத்திக்கொள்ளவும் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். மசாத்தோ பாட்டியைத் துருவித் துருவி வினவியிருந்தால் அக்கதவு திறந்திராது. அவன் வேறிடத்தில் கற்றான், சமைத்தான், காத்திருந்தான். கேட்கும் திறன் என்று பாடத்திட்டத்தில் நாம் குறிப்பிடுவதில், இக்காத்திருத்தலும் ஒரு பகுதி.

நிறைவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குப் படம் அளிக்கும் விடை இது: முதலில் கால் வாசலை அடைகிறது; அடுத்து கை நனைகிறது; அதன் பின்னரே வாய் திறக்கிறது. இவற்றுக்கிடையே, காரணத்தை அறியும் முயற்சி ஒன்று மௌனமாக நிகழ்கிறது. முதிர்ந்த பாட்டிக்கும் இளம் பேரனுக்கும் கிடைத்த காலம் சிறிது. மெய் லியனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. உறவு மீட்சியில் காலமே மிக அரிய பொருள் என்பதை அவள் எழுதிவைத்த குறிப்பேடு உணர்த்துகிறது. எழுதியவள் போய்ச் சேர்ந்த பின்னரே அது படிக்கப்பட்டது.

நம் மாணவர் பலருக்குப் பாட்டியும் தாத்தாவும் அடுத்த புளோக்கிலோ அடுத்த அறையிலோ இருக்கின்றனர். குறிப்பேட்டைத் தேடி அவர்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. நூலே உயிரோடு அமர்ந்திருக்கிறது. அதைப் படிப்பதற்குரிய எழுத்தறிவைத்தான் தமிழாசிரியர் ஒவ்வொரு நாளும் கற்றுத்தருகிறார். தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறுவதற்கு அப்பால், இவ்வகுப்பு எதற்காக என்று மாணவர் ஒருவர் வினவினால், பாட்டி சொல்ல நினைத்ததைப் பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கொள்வதற்காக என்று தயங்காமல் விடையளிக்கலாம்.